"உன்னால் முடியும்" என்றால் அந்தப் பெண் சிரிக்கிறாள். நான் என்ன செய்ய?

கேள்வி: மாலை வகுப்பு, கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு எழுதவைக்க வேண்டும் என்பது என் விருப்பம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அந்த வீட்டில் அது சிறிய தொகை அன்று. பேச்செடுத்தாலே "எனக்குக் கணக்கு வராது மிஸ்" என்று நோட்டை மூடிவிடுகிறாள்.

சென்ற வாரம் கொழுந்து எடை போடும் இடத்தில் அவள் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கணக்குப்பிள்ளை எழுதிய சீட்டை எட்டிப் பார்த்து, "14, 11, 9, கழிவு 3 போக 31 வர வேண்டும், நீங்கள் 29 போட்டிருக்கிறீர்கள் அண்ணா" என்றாள். அவர் மறுபடி கூட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டார். இதை நினைவூட்டி "உன்னால் முடியும்" என்று சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "அது வேறு மிஸ், அது இலைக் கணக்கு" என்றாள். இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்

இன்னும் அழுத்திச் சொல்வதால் பயன் இருக்காது அம்மா. நாம் ஒரு பிள்ளையை நம்புகிறோமா இல்லையா என்பதை அது நம் வாய்ச்சொல்லில் தேடுவதில்லை; கேள்வி கேட்டபின் நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதில் கண்டுகொள்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மக்கு என்று அவர்கள் கருதிய பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு. மூன்று நொடிக்குமேல் காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். இதைப் படித்த பிறகுதான் என் வகுப்பில் நான் யாரையெல்லாம் ஒரு நொடியில் கடந்து போயிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அதற்குள் எனக்குப் பணி ஓய்வுக்கு இரண்டே ஆண்டுகள் மிச்சம். எடைச் சீட்டின் எண்களையே கணக்காகக் கொடுங்கள், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். இரண்டாவதுதான் கடினம்.

பதில் 2: கொடைக்கானல் வாசகர்

மேலே அம்மையார் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆசிரியர் நம்பினாலே பிள்ளை வளர்ந்துவிடும் என்பதற்கு 1968இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வைப் பலரும் சான்று காட்டுவார்கள். குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளை "இவர்கள் இந்த ஆண்டு மலர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்த ஆய்வு அது. பலன் தெளிவாகத் தெரிந்தது ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம்தான். அந்த ஆய்வின் அளவீட்டு முறையையே குறைகூறியவர்களும் உண்டு. உங்கள் மாணவிக்கு நம்பிக்கையோடு பயிற்சியும் வேண்டும்: அந்த உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் பகுதியில் 90 நிமிடத்தில் 90 வினாக்கள், எண் தொடர்களும் உருவ ஒப்புமைகளும் பழகாத கண்ணுக்குப் புரியவே நேரம் பிடிக்கும். இன்னொன்று, "நீ கெட்டிக்காரி" என்று பாராட்டாதீர்கள். அப்படிப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒருமுறை தோற்றதும் எளிதில் துவண்டார்கள் என்றும், முயற்சியைப் பாராட்டியபோது விடாமல் தொடர்ந்தார்கள் என்றும் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998இல் காட்டினார்கள்.

பதில் 3: ஆலை பிட்டர் (இயந்திரம் பொருத்துபவர்), கூடலூர்

எனக்கு ஆய்வெல்லாம் தெரியாது. தேயிலை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் உருளைகளைப் பல் தீட்டி மாட்ட வேண்டியிருந்தது. மூத்த பிட்டர் அண்ணன் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். எனக்குக் கை நடுங்கியது. திரும்பி வந்து குனிந்து பார்த்தவர், "இடது ஓரத்தில் இடைவெளி கூடுதலாக இருக்கிறது, அவிழ்த்துத் திரும்பப் போடு" என்றார். ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கவில்லை. அன்றைக்கு மூன்று முறை அவிழ்த்து மாட்டினேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட அவர் சொன்னதாக நினைவில்லை, ஆனால் இன்றைக்கும் அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்தப் பெண்ணிடம் ஏதாவது ஒரு கணக்கை முழுவதுமாக ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. வகுப்புக்கு வாங்கும் நோட்டு, பென்சில், பிஸ்கட் செலவு எழுதும் நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். முதல் நாளே என் பழைய கணக்கில் பதினெட்டு ரூபாய் உதைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நேற்று, "34 கிலோவில் 3 கிலோ கழிவு என்றால் எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். தகரக் கூரையில் மழை. பக்கத்துப் பையன் விடையைச் சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்தினேன். எட்டுப் பத்து நொடி போயிருக்கும். சுவரைப் பார்த்தபடியே, "ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைச்சல் மிஸ்" என்றாள். நோட்டை மூடவில்லை. விண்ணப்பப் பேச்சை நான் இன்னும் எடுக்கவில்லை.