புதுப்பிப்பு: கிராபிக்ஸ் கார்டை மாற்றவில்லை, ரேம் சேர்த்ததிலேயே சிக்கல் தீர்ந்தது

ரைசன் 5 3600 பிராசஸரும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டும் ஒரே ஒரு 8 ஜிபி ரேமும் (தற்காலிக நினைவகம்) கொண்ட என் கணினியில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது, அடுத்து கார்டை மாற்றுவதா பிராசஸரை மாற்றுவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டையும் தொடாமல் முதலில் ரேமைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதே சரியாக இருந்தது.

அவர் சொன்னபடி விளையாட்டின் நடுவே, எந்தப் பாகம் எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது, ரேம் 95 விழுக்காடு நிறைந்திருந்தது. கார்டின் பயன்பாடோ 60 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மேலும், 3200 என்று வேகம் அச்சிடப்பட்ட ரேம் 2133 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் அதே வகை 8 ஜிபி ரேம் இன்னொன்று வாங்கி, மதர்போர்டு கையேட்டில் குறித்திருந்தபடி பிராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் இரண்டையும் பொருத்தினேன்.

எதிர்பாராதது இதுதான்: இயக்கியதும் திரை கறுப்பாகவே நின்றது. ராயபுரத்தில் கடலுக்கு மிக அருகே, உப்புக்காற்று வீசும் இடத்தில் குடியிருக்கிறோம். கழற்றிப் பார்த்தால், பழைய ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கலாக ஒரு படலம் படிந்திருந்தது. மின் இணைப்பைத் துண்டித்த நிலையிலேயே பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்தியதும் கணினி உயிர்பெற்றது. பிறகு பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை), ரேமை அதில் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கி 3200 வேகத்தைப் பெற்றேன்.

விளையாட்டில் நொடிக்கு வரும் காட்சிகளின் (பிரேம்) சராசரி எண்ணிக்கை சற்றே கூடியிருக்கிறது. ஆனால், முன்பு 25 வரை சரிந்த பிரேம்கள் இப்போது 50-க்குக் கீழே இறங்குவதில்லை. என் திரையின் தெளிவுத்திறன் 1080பி (1920x1080 புள்ளிகள்) மட்டுமே, அதற்கு இந்தக் கார்டே போதும் என்பதால், புதிய கார்டு வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன்.