சமோவாவைப் பற்றிப் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

ஆத்தங்குடி வாசகன்:
வணக்கம். என் தங்கை ஆக்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள், பக்கத்து வீடு பசிபிக் தீவு நாடான சமோவாவிலிருந்து வந்த குடும்பம். போன மாதம் அந்த வீட்டுப் பாட்டி தவறிவிட, துக்கம் கேட்கப் போனவள், உறவினர்கள் பாய்களை விரித்துக் காட்டி முறை செய்ததைப் பார்த்துவிட்டு ராத்திரி போனில் அதையே பேசிக்கொண்டிருந்தாள். தாழை மடலை நூல் மாதிரி சன்னமாகக் கிழித்து மாதக்கணக்கில் பின்னுவார்களாம், ஓரத்தில் சிவப்பு இறகு, கையில் எடுத்தால் பட்டுச்சேலை போல வழுக்குகிறதாம். எனக்கு எங்கள் அப்பத்தா ஓலைக்கொட்டான் பின்னியதும், கல்யாண வீட்டில் சாமான் பரப்பி வைப்பதும் ஞாபகம் வந்துவிட்டது. இந்த மக்களைப் பற்றிப் படிக்க வேண்டும். தேடினால் அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் எழுதியதுதான் முதலில் வருகிறது. அதை வாங்கலாமா?

கானாடுகாத்தான் ஆச்சி:
தம்பி, அதை அப்புறம் படியுங்கள். மீட் 1925-26ல் சமோவாத் தீவுக்கூட்டத்தின் மனுவா தீவுகளில் சில மாதம் தங்கி, வளரும் பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதி, 1928ல் வெளியிட்டார். 1983ல் டெரக் ஃப்ரீமன் என்ற இன்னொரு மானிடவியலாளர் அது முழுக்கத் தப்பு என்று ஒரு தடித்த புத்தகம் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வருஷக்கணக்காகச் சண்டை. அந்தச் சண்டையையே படித்துக்கொண்டிருந்தால் சமோவாக்காரர் குரல் ஒன்றுகூட உங்கள் காதில் விழாது.

ஆல்பர்ட் வெண்ட்டில் தொடங்குங்கள். அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். 1973ல் வந்த ‘சன்ஸ் ஃபார் த ரிட்டர்ன் ஹோம்’, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு ஊருக்குத் திரும்புவோம் என்று நியூசிலாந்து போன குடும்பத்தின் கதை. பையன் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை விரும்புகிறான், கடைசியில் ஊர் திரும்பினால் ஊரும் அவனுக்கு ஒட்டவில்லை. எங்கள் ஐயா பர்மாவிலிருந்து வந்த பிறகு முகப்புத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தக் கடைசிப் பக்கங்களை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அடுத்து ‘லீவ்ஸ் ஆஃப் த பேனியன் ட்ரீ’ (1979), மூன்று தலைமுறைக் கதை. பெரிய புத்தகம்தான், ஆனால் குடும்பத் தலைவர் பட்டம், நிலம், தேவாலயம், பணம் எல்லாம் ஒரு குடும்பத்துக்குள் எப்படி மோதுகின்றன என்று அதில் தெரியும். பெண்பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்க சியா ஃபிகியலின் ‘வேர் வி ஒன்ஸ் பிலாங்ட்’ இருக்கிறது. கொஞ்சம் கடுமையான கதை, மனசைத் தயார் செய்துகொண்டு எடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி சொன்னது சரி. வரலாறும் கூடவே வேண்டும் என்றால் மலாமா மெலெய்செயாவின் ‘த மேக்கிங் ஆஃப் மாடர்ன் சமோவா’ (1987) படியுங்கள். அவரும் சமோவாக்காரர்தான், ஜெர்மனியும் நியூசிலாந்தும் ஆண்டபோது பழைய அதிகாரம் என்ன ஆனது என்று எழுதுகிறார். நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1892ல் எழுதிய ‘எ ஃபுட்நோட் டு ஹிஸ்டரி’யை குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 1889 புயலில் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் ஜெர்மன், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நொறுங்கியதைப் பற்றிய அத்தியாயத்துக்காகவே படிக்கலாம்.

நீங்கள் எதைப் படித்தாலும் இரண்டு தேதிகளைத் தவறவிடாதீர்கள். 1918 நவம்பர் 7ல் ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் இன்ஃப்ளுயன்சா காய்ச்சலோடு ஆப்பியாவுக்கு வந்தது, யாரும் தடுத்து நிறுத்தவில்லை, இரண்டே மாதத்தில் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பக்கத்திலேயே அமெரிக்க சமோவாவில் கப்பல்களைத் தடுத்துவிட்டார்கள், ஒரு சாவுகூட இல்லை. இன்னொன்று 1929 டிசம்பர் 28. நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த ‘மாவு’ இயக்கத்தினர் ஆப்பியாவில் ஆயுதம் இல்லாமல் ஊர்வலம் போனபோது நியூசிலாந்து போலீஸ் சுட்டது, தலைவர் துபுவா தமசெசெ மூன்றாம் லியாலோஃபி இறந்தார். நம் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குச் சில மாதம் முன்னால் நடந்தது. நாம் பள்ளியில் இதைக் கேள்விப்படவே இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

ஆத்தங்குடி வாசகன்:
ரொம்ப நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. வெண்ட் நாவல் பழைய பிரதி ஆக்லாந்திலேயே கிடைக்கும் என்று தங்கை சொல்கிறாள், பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருவாள். அந்தப் பாய்க்கு என்ன பெயர்?

கானாடுகாத்தான் ஆச்சி:
இயே தோங்கா. விரித்துப் படுக்கிற பாய் இல்லை தம்பி, கல்யாணம், சாவு, பட்டம் கட்டுவது எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு வீடு கைமாறும். எவ்வளவு பழசோ அவ்வளவு மதிப்பு. தங்கைக்கு அந்த வீட்டோடு பழக்கம் இருந்தால், ஒரு நாள் பாய் பின்னும் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், போகும்போது அப்பத்தாவின் கொட்டான் ஒன்றையும் கொண்டுபோகட்டும்.