கேஸ் ட்ரிம்மர் வாங்கணும், ஷோல்டர்ல நிக்கிறதா அடியில நிக்கிறதா?

பித்தளைப்பைத்தியம்:
வணக்கம் மக்களே. ரீலோடிங் (சுட்ட தோட்டாவோட காலி பித்தளைக் கூட்ட, அதாவது கேஸ, திரும்ப நிரப்பறது) ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. சுடுறது முக்கால்வாசி .223 தான், .308 கொஞ்சம் (ரெண்டும் ரைஃபிள்), .357 ரிவால்வர் எப்பவாச்சும். நீண்டு போன கேஸ அளவுக்கு வெட்டறதுக்கு (ட்ரிம்) இதுவரைக்கும் லீ கம்பெனியோட சின்ன கட்டரும் நீளத்த நிறுத்தற லெங்த் கேஜ் பின்னும் வச்சுதான் ஓட்டிட்டு இருந்தேன், கேஸ ட்ரில்ல மாட்டி சுத்த விட்டு கட்டர கையில புடிச்சு அழுத்துறது. குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல, நூறு கேஸ்னா பாட்டு கேட்டுக்கிட்டே முடிச்சிரலாம். ஆனா போன மாசம் .223 மட்டும் எண்ணூறு சேந்து போச்சு, முன்னூறு தாண்டறதுக்குள்ள கட்டைவிரல் மரத்துப்போயி டம்ளர் கூட ஒழுங்கா புடிக்க முடியல. மிச்சம் ஐநூறு டப்பால அப்படியே கிடக்கு, பாக்கும்போதெல்லாம் முகத்த திருப்பிக்கிறேன்.

அதனால ட்ரில்ல மாட்டுற ஷோல்டர் டைப் ட்ரிம்மர் (கேஸ் உடம்பு கழுத்துக்கு குறுகற தோள்ல நின்னு வெட்டறது) ஒண்ணு ஃப்ரெண்ட்கிட்ட இரவல் வாங்கினேன் (எந்த கம்பெனின்னு சொல்ல வேணாம், தப்பு யாரோடதுன்னே இன்னும் தெரியல). வேகம்னா வேகம், ஒரு கேஸுக்கு மூணு நாலு செகண்ட் தான். ஆனா வெர்னியர் வச்சு அளந்தா ஒண்ணு 1.750 இன்ச், அடுத்தது 1.753, அப்புறம் 1.748, திடீர்னு ஒண்ணு 1.757. லீல இந்த ஆட்டமே வந்ததில்ல.

இது ட்ரிம்மர் கோளாறா, இல்ல ஷோல்டர் டைப்னாலே இப்படித்தானா? ஃபார்ஸ்டர், வில்சன் மாதிரி லேத் டைப்புக்கு (கேஸ படுக்க வச்சு சுத்தி வெட்டறது) போயிரலாமா? மூணு காலிபருக்கும் ஒரே மெஷின்ல முடிஞ்சா நல்லாருக்கும்.

நூறுகஜம்:
ஜிராட் ட்ரிம்மர் வாங்கு, வேற எதையும் யோசிக்காத. நீளம் வெட்டி, உள்பக்கம் சாம்ஃபர் (விளிம்பு சரிவு) போட்டு, வெளிப்பக்கம் பிசிறு எடுத்து, மூணும் ஒரே அழுத்துல முடிஞ்சிரும். நான் அஞ்சு வருஷமா வச்சிருக்கேன்.

பழையடர்னர்:
தம்பி, மெஷின் பேர் அப்புறம் பாக்கலாம், முதல்ல அது எதத் தொட்டு அளக்குதுன்னு பாருங்க. நான் லேத்துல காலம் தள்ளின ஆளு, அளவு எங்கருந்து எடுக்கறோம்னு தெரியாம வெட்டினா எவ்ளோ நல்ல மெஷினும் குப்பதான்.

கேஸோட மொத்த நீளத்த ரெண்டு துண்டா நினைச்சுக்கோங்க. அடியிலருந்து ஷோல்டர் வரைக்கும் ஒண்ணு, ஷோல்டர்லருந்து வாய் வரைக்கும் இன்னொண்ணு. ஷோல்டர் டைப் ட்ரிம்மர் ரெண்டாவது துண்டத்தான் கட்டுப்படுத்தும், முதல் துண்டு எவ்ளோ இருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. உங்க ஷோல்டர் ஒரு கேஸ்ல 3 தவ் முன்ன, ஒண்ணுல 2 தவ் பின்ன இருந்தா அந்த வித்தியாசம் அப்படியே மொத்த நீளத்துல வந்து நிக்கும் (தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு, லேத்காரன் பாஷை, பொறுத்துக்கோங்க). லீல ஏன் ஆடலன்னா அதோட பின் ஃப்ளாஷ் ஹோல் (கேஸ் அடியில இருக்கற சின்ன ஓட்டை) வழியா கீழ எறங்கி அடியில இருக்கற லாக் ஸ்டட்ட (ட்ரில்ல மாட்டற துண்ட) தொட்டுத்தான் நிக்கும், அதனாலதான் ப்ரைமர (அடியில இருக்கற பத்த வைக்கற மூடிய) தட்டி எடுத்துட்டுத்தான் மாட்ட முடியும். அது அடியிலருந்து அளக்குது. நீங்க ரெண்டு வேற வேற அளவுகோல வச்சு ஒண்ணு தப்புன்னு சொல்லிட்டு இருக்கீங்க.

இப்ப கேள்விகள். ஒண்ணு, ட்ரிம் பண்றதுக்கு முன்னாடி எல்லா கேஸும் சைஸ் பண்ணியாச்சா (டைங்கற அச்சுக்குள்ள அழுத்தி பழைய அளவுக்கு கொண்டு வர்றது)? ரெண்டு, எல்லாம் உங்க ஒரு துப்பாக்கில சுட்டதா, இல்ல அடுத்தவங்க சுட்டுப் போட்டத பொறுக்கினதும் கலந்திருக்கா? மூணு, சைஸிங் லூப் (சைஸ் பண்றதுக்கு முன்ன கேஸ்ல தடவற வழுக்குப் பசை) தொடச்சீங்களா?

மூணாவது ஏன் கேக்கறேன்னா அந்த 1.757 மேலதான் சந்தேகம். ஷோல்டர் வந்து உக்கார்ற எடத்துல ஒரு பித்தளை சுருள் மாட்டிக்கிச்சுன்னா கேஸ் முழுசா உள்ள போகாது, அப்ப வெட்டு கம்மி, நீளம் ஜாஸ்தி. பிசுபிசுன்னு லூப் இருந்தா சுருள் வெளிய விழாம அங்கயே ஒட்டி மெத்த மாதிரி ஆயிரும்.

நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். இதே மாதிரி ஷோல்டர் டைப் புதுசா வாங்கின அன்னைக்கு அவசரத்துல சுட்டு அப்படியே கெடந்த, சைஸ் பண்ணாத கேஸ வச்சு 1.750க்கு செட் பண்ணிட்டேன். அப்புறம் சைஸ் பண்ணின முன்னூறு கேஸ மளமளன்னு ஓட்டிட்டு கடைசில அளந்தா எல்லாம் 1.745, 1.746. செட் பண்ணின கேஸ்ல ஷோல்டர் முன்னால இருந்துச்சு, ஓட்டினதுல டை அத பின்னால தள்ளிருச்சு, அவ்ளோதான் கதை. நல்லவேளை 5 தவ் குட்டையா போனா ஒண்ணும் குடி முழுகிடாது. நீளமா போறதுதான் விவகாரம், .223க்கு 1.760 தாண்டவே கூடாது, மில்லிமீட்டர்ல 44.70. தாண்டினா கேஸ் வாய் சேம்பர் (துப்பாக்கில தோட்டா உக்கார்ற அறை) முடியற எடத்துல போய் இடிச்சு புல்லட்ட கவ்விக்கும், விட மாட்டேங்கும், பிரஷர் எங்கயோ எகிறிரும். அதுல வெளையாட்டே கெடையாது. அதனாலதான் 1.750க்கு வெட்டறோம், நடுவுல 10 தவ் வளர்றதுக்கு எடம்.

பித்தளைப்பைத்தியம்:
அண்ணே நீங்க கேட்டதுலயே பாதி பதில் வந்துருச்சு. சைஸ் பண்ணது ஒரு டப்பா, பண்ணாதது ஒரு டப்பான்னு வச்சிருந்தேன், ரெண்டும் கலந்துருச்சுன்னு நினைக்கிறேன். பொறுக்கினதும் உண்டு. லூப் துணில லேசா தொடச்சேன், கழுவல. நாளைக்கு பாத்துட்டு சொல்றேன்.

@நூறுகஜம் ஜிராட்ல .357 போகுமா?

நூறுகஜம்:
போகாது ப்ரோ, அதுவும் ஷோல்டர்ல நிக்கிறதுதான்.

ரிவால்வர்ரமணி:
அப்ப எதுக்குங்க "வேற எதையும் யோசிக்காத"ன்னு சொன்னீங்க, அந்தாளு முதல் பதிவுலயே .357ன்னு எழுதியிருக்காரு.

.357 நேர் கேஸ், தோளே கிடையாது, ஷோல்டர் டைப் எதுவுமே வேலைக்காகாது. ஆனா அதுக்காக தனி மெஷின் தேடி அலையவும் வேணாம். நேர் கேஸ் ரைஃபிள் மாதிரி ஒவ்வொரு தடவையும் நீண்டுட்டே போகாது. அதிகபட்சம் 1.290, நான் அளந்த வரைக்கும் அந்தப் பக்கம் போனதே அபூர்வம். நான் ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் சமமா வெட்டி வச்சுக்குவேன், அது கூட ரோல் க்ரிம்ப்புக்காகத்தான் (கேஸ் வாய உள்ள மடக்கி புல்லட்ட கவ்வ வைக்கறது). கேஸ் ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னா க்ரிம்ப் ஒண்ணுல நசுங்கும் ஒண்ணுல சும்மா தொட்டுட்டு விடும், கனமான லோடுல மத்த அறைல இருக்கற புல்லட் அதிர்ச்சில முன்னால நகர ஆரம்பிச்சுரும். அந்த ஒரு தடவைக்கு உங்க லீ கட்டரே போதும், பின்னும் அதோட வர்ற ஷெல் ஹோல்டரும் (கேஸ் அடிய புடிக்கறது) மட்டும் .357க்கு வேற வாங்கணும்.

9 எம்.எம், .45 மாதிரி பிஸ்டல் கேஸ் ட்ரிம் பண்றவங்கள பாத்தா எனக்கு சிரிப்பு வரும். அது கேஸ் வாய்லதான் சேம்பர்ல நிக்குது, சுட சுட குட்டையாத்தான் ஆகும், அதப் போயி வெட்டுவானேன்.

பழையடர்னர்:
ரமணி சொல்றது சரி.

லேத் டைப் கேட்டீங்கல்ல, அதையும் சொல்லிடறேன். ஃபார்ஸ்டர்ல ரிம்ம (கேஸோட அடி விளிம்ப) காலெட்ங்கற ஒரு வளையப் பிடி கவ்வும், கட்டர் நுனியில ஒரு பைலட் இருக்கும், அது கழுத்துக்குள்ள போயி நேரா பிடிக்கும். பைலட் புல்லட் விட்டத்துக்கு ஏத்த மாதிரி, அதனால .30 பைலட் ஒண்ணு இருந்தா .308க்கும் .30-06க்கும் அதுவே போதும். காலிபர் நிறைய வச்சிருக்கறவனுக்கு இதுதான் சிக்கனம், நேர் கேஸும் இதுல போகும். என் அனுபவத்துல காலெட்ட இறுக்கற இறுக்கம் மாறிச்சுன்னா நீளம் 1, 2 தவ் மாறும், ஒரே மாதிரி இறுக்கி பழகணும். சைஸ் பண்ணாத கழுத்துன்னா பைலட் லொடலொடன்னு ஆடி வாய் கோணலா வெட்டுப்படும். பைலட்டுல ஒரு துளி மெழுகு தடவி வைங்க, இல்லன்னா பித்தளை ஒட்டிக்கும்.

வில்சன் வேற ஜாதி. கேஸ ஒரு உருளை ஹோல்டர்குள்ள விட்டு லேசா ஒரு தட்டு, கேஸ் உடம்போட சரிவுலயே அது புடிச்சுக்கும், அடி ஒரு ஸ்டாப் ஸ்க்ரூவுல போயி நிக்கும். காலெட்டும் இல்ல பைலட்டும் இல்ல. என் கையில ஒரு தவ்குள்ள நிக்கும். ஆனா தட்டி உள்ள விட்டு, சுத்தி, தட்டி வெளிய எடுத்து... ஐநூறுக்கு இது தண்டனை. .308ல அம்பது கேஸ் நிதானமா உக்காந்து பண்றதுக்கு இத விட சுகம் இல்ல.

உங்க .223 ஐநூறுக்கு ஷோல்டர் டைப்தான் சரி, அத மாத்தாதீங்க.

நூறுகஜம்:
டில்லனோட ஆர்.டி 1500 ட்ரிம்மர் பத்தி யாரும் பேசல? அது ப்ரெஸ் (கேஸ டைக்குள்ள தள்ளற மெஷின்) மேலயே உக்காந்துக்கும், சைஸ் டைக்குள்ள கேஸ் இறுக்கமா இருக்கும்போதே மேலருந்து மோட்டார் வெட்டிரும், வாக்குவம் குழாய் மாட்டினா சுருள உறிஞ்சிரும். சைஸும் ட்ரிம்மும் ஒரே இழுப்பு.

பழையடர்னர்:
நல்ல சாமான்தான். ஆயிரக்கணக்குல ஓட்டறவங்களுக்கு. எண்ணூறு கேஸுக்கு அது கோழிக்குஞ்சுக்கு கோடாலி.

பித்தளைப்பைத்தியம்:
வந்துட்டேன். ராத்திரி ஒன்றரை மணி ஆயிருச்சு, வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க.

முதல்ல ட்ரிம்மர கழட்டினேன். அண்ணே நீங்க பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்லியிருக்கீங்க. ஷோல்டர் உக்கார்ற வளையத்துல ஒரு பக்கம் மட்டும் பித்தளை சுருளும் லூப்பும் சேந்து அடை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பல்குத்தற குச்சி வச்சு சுரண்டினா வட்டத்துல கால்வாசி அப்படியே தோலா உரிஞ்சு வந்துச்சு. இதுக்கு மேல கேஸ அழுத்தி அழுத்தி இவ்ளோ நாளா நான் அளவு பாத்துட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் கலந்தத எல்லாம் எடுத்து கம்பேரட்டர் (அடியிலருந்து ஷோல்டர் வரைக்கும் அளக்கற கருவி) வச்சு அளந்து சைஸ் பண்ணாதத பிரிச்சேன், எல்லாத்தையும் திரும்ப ஒரே டை செட்டிங்ல சைஸ் பண்ணி வெந்நீர்ல சோப்பு போட்டு கழுவி காய வச்சு, அதுலருந்து ஒரு கேஸ வச்சு ட்ரிம்மர செட் பண்ணேன். முப்பது ஓட்டினேன். 1.749லருந்து 1.751க்குள்ள இருபத்தஞ்சு. மிச்ச அஞ்சும் 1.752, 1.753, அந்த அஞ்சும் பொறுக்கின கேஸ்.

பழையடர்னர்:
அந்த அஞ்சு எத்தனை தடவை சுட்டதுன்னு யாருக்கு தெரியும். பித்தளை அடி வாங்க வாங்க இறுகும், இறுகினது டைய விட்டு வெளிய வந்ததும் கொஞ்சம் பின்வாங்கும், அதனால ஷோல்டர் மத்தது அளவுக்கு பின்னால போயிருக்காது. 1.753 எல்லாம் ஒரு பொருட்டே இல்ல, விடுங்க.

ஆனா இன்னொண்ணு. நீங்க வெட்டி எறியற சுருள் எங்கருந்து வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? புதுசா பித்தளை முளைக்கல. அடிப்பக்கம் சுவர்லருந்து கொஞ்சம் கொஞ்சமா முன்னால ஓடி வந்ததுதான். அதாவது நாலஞ்சு தடவை ட்ரிம் ஆன கேஸ்னா அடிக்கு கொஞ்சம் மேல சுவர் மெலிஞ்சிருக்க வாய்ப்பிருக்கு. வெளிய பளபளன்னு ஒரு வளையம் தெரியும், தெரியாமயும் போகும். ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி நுனிய மட்டும் எல் மாதிரி மடக்கி உள்ள விட்டு அடியிலருந்து சுவர தடவிட்டே மேல இழுங்க. பள்ளம் இருந்தா நுனி டக்குனு மாட்டும். பொறுக்கினது அத்தனையும் இப்படி பாத்துடுங்க.

ரிவால்வர்ரமணி:
ட்ரிம் ஆனதும் வாய்ல உள்ளயும் வெளியயும் பிசிறு எடுக்க மறக்காதீங்க, ட்ரில்ல மாட்டுறது பெரும்பாலும் நீளத்த மட்டும்தான் வெட்டும். ரெண்டு சுத்து போதும், கத்தி மாதிரி கூர் ஆக்கிடாதீங்க.

பித்தளைப்பைத்தியம்:
பேப்பர் கிளிப் வேலை முடிஞ்சுது. பொறுக்கினது நூத்தி நாப்பது, அதுல ஏழுல நுனி மாட்டிச்சு. வெளிய ரெண்டுலதான் வளையம் தெரிஞ்சுது, மிச்ச அஞ்சும் புதுசு மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. ஏழையும் பிளையர்ல நசுக்கி ஸ்கிராப் டப்பால போட்டாச்சு.

.223க்கு இதே ஷோல்டர் டைப் எனக்குன்னு ஒண்ணு சொல்லிட்டேன். .308க்கும் .357க்கும் லீ இருக்கட்டும். வில்சன் ஆசை வந்துருச்சு, அத அப்புறம் பாக்கலாம். நானூத்தி சொச்சம் இன்னும் பாக்கி, ஒவ்வொரு இருபதுக்கும் நிறுத்தி பல்குச்சி.

நூறுகஜம்:
பழைய டூத் பிரஷ் வச்சுக்கோ ப்ரோ, சீக்கிரம் ஆகும்.