வாங்காமல் சும்மா கடை பார்க்க நைனாவைக் கூட்டிப் போகிறேன். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முகம் சுளிப்பார்களா?

கொருக்குப்பேட்டைக்காரி:

வணக்கம். வருகிற திங்கட்கிழமை அரசு விடுமுறை. எனக்கும் லீவு, ஒன்பதாவது படிக்கிற என் பெண்ணுக்கும் லீவு. அன்றைக்கு எங்க நைனாவைக் கூட்டிக்கொண்டு சௌகார்பேட்டை பக்கம் கடை பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். பார்ப்பதற்குத்தான், வாங்குவதற்கு இல்லை. கையில் 500 ரூபாய் வைத்துக்கொள்வேன். மூன்று பேர் சாப்பாடு, டிக்கெட் எல்லாம் அதில்தான்.

நைனாவுக்கு 71 வயது. கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினவர். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது கூட இருந்தவர்கள் பலபேர் அங்கே போனார்கள், இவர் போகவில்லை. ஒரு மீன்பாடி வண்டியை வாடகைக்கு எடுத்து, வால்டாக்ஸ் ரோடு லாரி ஆபீஸ்களில் இருந்து கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு லோடு அடித்தார். முந்திரி டின், பாதாம் மூட்டை, பேரீச்சம்பழ அட்டைப்பெட்டி. முழங்கால் போகிற வரைக்கும் அதுதான் வேலை. ராத்திரி வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால், நானும் தம்பியும் அதை மோந்து பார்த்து அன்றைக்கு என்ன சரக்கு என்று சொல்வோம். கிராம்பும் ஏலக்காயும் சுலபம். முந்திரிக்கு வாசனையே கிடையாது, தகர வாசனைதான் வரும், அதை வைத்துச் சொல்லிவிடுவோம்.

அந்தக் கடைகளில் ஒன்றில்கூட அவர் வாங்குகிறவராக நின்றதில்லை. பெட்டியை இறக்குவார், சீட்டில் கையெழுத்து வாங்குவார், அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று நின்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

போன மாதம் பெண் ஆசைப்பட்டாள் என்று ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போனோம். பேர் வேண்டாம். சீஸுக்கே தனியாக ஒரு அலமாரி, ஆலிவ் எண்ணெய் ஒரு வரிசை, குங்குமப்பூவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். நைனா ஒரு அத்திப்பழ டப்பாவை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னாலேயே வந்த பையன் ஒருவன் அதை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் வெளியே வருகிற வரை நைனா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது திங்கட்கிழமை பேச்சை எடுத்தால், "வாங்காத கடைல நமக்கு இன்னாமா வேலை?" என்கிறார். அந்தத் தெருவில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எந்த நேரத்தில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்? அவர் உட்கார இடம் உண்டா? பெண்ணுக்கு ஏதாவது புதுசாகச் சாப்பிட வேண்டும்.


பழைய கல்லா:

அம்மா, அந்தத் தெருவில் டிரை ஃப்ரூட்ஸ் கடை கவுண்டரில் 17 வருஷம் நின்றவன் நான். உங்கள் நைனா இறக்கிய பெட்டியை நானே பிரித்திருக்கலாம். தாராளமாகக் கூட்டி வாருங்கள்.

நீங்கள் சொன்ன நாள் நல்ல நாள்தான். அரசு விடுமுறைக்கெல்லாம் இந்தத் தெரு மூடாது. ஞாயிற்றுக்கிழமைதான் மொத்தக் கடைகள் பெரும்பாலும் ஷட்டரை இறக்கியிருக்கும். நேரம்தான் முக்கியம். காலையில் திறந்ததும் வராதீர்கள். போணி ஆகாத கடைக்குள் நுழைந்து ஒன்றும் வாங்காமல் வெளியேறினால் முதலாளிக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியாக இருக்காது. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரமும் அப்படித்தான். பதினொன்றரையில் இருந்து ஒன்றரைக்குள் வாருங்கள். போணி ஆகியிருக்கும், வெளியூர் சில்லறைக்காரர்கள் பில் போட்டுக் கிளம்பியிருப்பார்கள், பேசுவதற்கு ஆள் இருக்கும். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் மட்டும் வேண்டாம். பரிசுப் பெட்டி கட்டுகிற வேலையில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.

மூட்டை வாயை மடித்துத் திறந்து வாசலிலேயே வைத்திருக்கிற கடையாகப் பாருங்கள். வாயைத் திறந்து வைப்பதே பார்க்கச் சொல்லித்தான். நுழையும்போதே "பார்க்கத்தான் வந்தோம்" என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு எரிச்சல் வருவது பார்க்கிறவர்களால் இல்லை. அரைக் கிலோ நிறுக்கச் சொல்லி, பொட்டலமும் கட்டிய பிறகு வேண்டாம் என்று போகிறார்களே, அவர்களால்தான்.

எதைப் பார்ப்பது? முந்திரியில் இருந்து ஆரம்பியுங்கள். டின் மேல் 180, 240, 320 என்று போட்டிருக்கும். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது. எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் ஏறும். மூன்றையும் கையில் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். பாதாமில் கலிஃபோர்னியா தட்டையாக, வழவழப்பாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கும். மம்ரா சின்னது, சுருங்கியது, படகு மாதிரி வளைந்திருக்கும். பார்த்தால் மட்டமான சரக்கு என்று தோன்றும், ஆனால் விலை பல மடங்கு. நகத்தால் கீறினால் எண்ணெய் பளபளக்கும். ஆப்கானிஸ்தான் அத்திப்பழம் மாலை மாதிரி கயிற்றில் கோத்து வரும். நல்ல சரக்கு என்றால் அழுத்தும்போது விரல் உள்ளே போகும், ஆனால் ஒட்டாது. அழுத்திப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு அழுத்துங்கள், யாரும் பிடுங்க மாட்டார்கள்.

குங்குமப்பூ காட்டச் சொல்லுங்கள். காஷ்மீர் பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் கொஞ்சம் பெருமையாகவே எடுத்து வைப்பார்கள். வேலை இல்லாத நேரமாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு இழை போட்டே காட்டுவார்கள். நிஜமான பூ மெதுவாகத்தான் மஞ்சளை விடும், இழை சிவப்பாகவே நிற்கும். சாயம் ஏற்றியது என்றால் போட்ட உடனே தண்ணீர் சிவந்து, இழை வெளுத்துவிடும். அப்புறம் பெருங்காயம். நாம் வீட்டில் வைத்திருக்கிற கட்டியில் மாவும் பிசினும் கலந்திருக்கும். ஆப்கானிஸ்தானில் இருந்து வருகிற பச்சைப் பெருங்காயத்தை ஒரு தடவை மோந்து பார்க்கட்டும் பிள்ளை. ரொம்பக் கிட்டே போக வேண்டாம்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்குங்கள், லிஃப்ட் இருக்கிறது, முழங்காலுக்கு நல்லது. உட்கார ராசப்ப செட்டித் தெரு கந்தகோட்டம் போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கோயிலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வெளிநாட்டு சாக்லேட்டு பார்க்க வேண்டுமென்றால் காசி செட்டித் தெரு. சாப்பிட, தங்கசாலைத் தெரு காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபி. ஒரு தட்டு முறுக்கு சாண்ட்விச்சும் வாங்கிக் கொடுங்கள். ரொட்டிக்குப் பதில் முறுக்கு, நடுவில் தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி. அது எங்கள் பேட்டையிலேயே பிறந்த சாப்பாடு.


விடிகாலைக் காசிமேடு:

கடை பார்க்கிறது என்றால் எனக்குக் காசிமேடுதான். விடிகிற நேரத்தில் போய் மீன் ஏலத்தைப் பாருங்கள். ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான வஞ்சிரம், உயிரோடு மீசை ஆட்டுகிற சிங்கி இறால். பார்க்கிறவர்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் தரை முழுக்க ஐஸ் தண்ணீர், வழுக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு வேண்டாம், நீங்களும் பெண்ணும் மட்டும் ஒரு நாள் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், பெரிய மீன் அவ்வளவாக வராது.


வியாசர்பாடி அத்தோ:

பெண்ணுக்குப் புதுசாகச் சாப்பிட வேண்டுமென்றால், சாயங்காலம் வரை தாக்குப்பிடித்து பர்மா பஜார் பின்னால் இருக்கிற செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் போங்கள். எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1964இல் அங்கே கடைகளை அரசுடைமை ஆக்கியதும் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பல் ஏறி வந்தார். அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1969இல் பர்மா பஜார் வந்தது. அவர்கள் கூடவே வந்த சாப்பாடு அத்தோ.

தள்ளுவண்டிக்குப் பக்கத்திலேயே நின்று கலக்குவதைப் பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டும் அதன் எண்ணெயும், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், தட்டை மாதிரி மொறுமொறுவென்று பொரித்த பேஜோவை நொறுக்கினது. எல்லாவற்றையும் கையாலேயே பிசைவார்கள். கரண்டி போட்டால் அந்தச் சுவை வராது. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வைப்பார்கள், அது தீர்ந்தால் கேளுங்கள், ஊற்றுவார்கள். அவித்த முட்டையைப் பிளந்து பொரித்த வெங்காயம், பூண்டு அடைத்த மசாலா முட்டையும் ஒன்று வாங்குங்கள். அதை அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை நாசம்.

பழைய கல்லா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் நைனாவிடம் மட்டும் வாங்கப் போகிறோம் என்றே சொல்லிக் கூட்டிப் போங்கள். 100 கிராம் வாங்கினாலும் வாங்கினதுதானே.


கொருக்குப்பேட்டைக்காரி:

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி. விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் பழைய கல்லா அண்ணன் கட்டாயம் படிக்க வேண்டும்.

பதினொன்றுக்குக் கந்தகோட்டம், குளத்தங்கரையில் அரை மணி நேரம். பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நுழைந்தோம். நைனா முதல் இரண்டு கடைகளைத் தாண்டியே போய்விட்டார். மூன்றாவது கடை வாசலில் பாதாம் மூட்டை வாய் திறந்து இருந்தது. அங்கே நின்றார். நான் அண்ணன் சொன்னபடி "பார்க்கத்தான் வந்தோம்" என்றேன். கவுண்டரில் இருந்தவர் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாருங்கம்மா" என்று ஸ்டூலை நகர்த்தி நைனாவுக்குப் போட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்டூல் போதுமாக இருந்தது எனக்கு.

முந்திரி 180, 240, 320 மூன்றையும் காட்டுங்கள் என்று கேட்டேன். ஒரு எஃகுத் தட்டில் வரிசையாக வைத்தார். 180 கட்டைவிரல் முதல் கணு அளவுக்கு இருந்தது, 320 அதில் பாதியை விடக் கொஞ்சம் பெரிசு. எண் எதற்கு என்று அவர் சொல்லச் சொல்ல, நைனா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இத்தினி வருசமா அத்த கடை நம்பருன்னு நெனச்சுக்கினு இருந்தேம்மா" என்றார். 320 போட்ட டின்தான் அவர் வண்டியில் அதிகம் வருமாம். கடைக்காரர் அதைக் கேட்டதும் எந்த லாரி ஆபீஸ், எந்த வருஷம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். இப்போது அந்தச் சந்தில் வண்டி நிறுத்த விடுவதில்லையாம், அதைப் பற்றித்தான் பாதிப் பேச்சு.

அத்திப்பழ மாலையைக் கையிலேயே கொடுத்தார்கள். நைனா ஒவ்வொரு பழமாக அழுத்திப் பார்த்தார், ஒருவரும் வந்து வாங்கி வைக்கவில்லை. என் பெண் குங்குமப்பூவைத் தண்ணீரில் போடச் சொல்லி, மஞ்சள் இறங்குகிற வரை டம்ளர் முன்னாலேயே குனிந்து நின்றாள். பெருங்காயத்துக்கு மட்டும் கிட்டே போய்விட்டாள், மெட்ரோவில் வரும் வரை மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜிலேபி மூன்று பேருக்கும் பிடித்தது. அத்தோ வரைக்கும் நைனாவால் நிற்க முடியவில்லை, அது அடுத்த தடவை.

கிளம்பும்போது நைனாவே சட்டைப்பையில் இருந்து பணம் எடுத்து 100 கிராம் முந்திரி வாங்கினார். 180 வாங்கலாமே என்றேன். வேண்டாம், 320தான் என்றார். வீட்டுக்கு வந்ததும் பெண் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். 454 கிராமுக்கு 320 என்றால் 100 கிராமுக்கு 70 வர வேண்டும். தினத்தந்தியை விரித்து, நைனாவும் அவளும் உட்கார்ந்து பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினார்கள். 68 இருந்தது.

அடுத்த லீவுக்கு 240 வாங்கி எண்ண வேண்டுமாம்.