தீர்ப்பு வந்தும் தரையில் இறங்காத எல்லை: எத்தியோப்பியா–எரித்திரியா விவகாரத்தில் ஐ.நா. படையால் ஏன் எதுவும் செய்ய முடியவில்லை?

கேள்வி:

1998 மே மாதம் பத்மே என்ற சிற்றூரை முன்னிட்டுத் தொடங்கி, பல பத்தாயிரம் உயிர்களைக் குடித்து, 2000 ஜூனில் ஓய்ந்த எத்தியோப்பியா–எரித்திரியா போரைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று அல்ஜியர்ஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லையைத் தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் 2002 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு எதுவாயினும் அதுவே இறுதியானது என்று இரு அரசுகளும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தன. இதுவரை குழப்பமில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. 4,200 வீரர்கள் வரை கொள்ளக்கூடிய ஐ.நா. அமைதிகாப்புப் படை எல்லையோரத்திலேயே முகாமிட்டிருந்தும், எல்லையைத் தரையில் குறிக்கும் வேலை நின்றுபோனது. 2008 ஜூலையில் படையே கலைக்கப்பட்டது. அதைவிட வியப்பு, அந்தப் படையை நெருக்கி வெளியேற வைத்தது வழக்கில் பத்மேயை வென்ற எரித்திரியா என்பது. வென்றவர் தமக்குக் காவலாக நின்றவரை விரட்டுவது என்ன கணக்கு? தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் அப்படைக்கு இருக்கவே இல்லையா?

பதில் 1:

இருக்கவில்லை. படையின் பணி இரண்டு சேனைகளையும் விலக்கி வைப்பது, அவை பின்வாங்கியதைச் சரிபார்ப்பது, கண்ணிவெடி அகற்றலில் உதவுவது, இரு தரப்புத் தளபதிகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது, இவ்வளவுதான். பின்னர் எல்லை ஆணையத்தின் நில அளவைப் பணிக்கு ஒத்தாசை செய்யும் பொறுப்பும் சேர்ந்தது. ஆனால் ஒத்தாசை என்பது அளக்க வருபவருக்கு வழியமைத்துக் கொடுப்பதே தவிர, அளக்க விடாதவரை அகற்றுவது அன்று. அமீனா இல்லாத நீதிமன்றம் ஒன்று தீர்ப்பு எழுதியது, அவ்வளவே.

நீங்கள் கேட்ட கணக்குக்கு விடை, படை நின்ற இடத்தில் இருக்கிறது. தற்காலிகப் பாதுகாப்பு வலயம் எனப்பட்ட 25 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பட்டை, எத்தியோப்பியப் படை பின்வாங்கி நின்ற கோட்டிலிருந்து எரித்திரியாவின் பக்கமாக அளக்கப்பட்டது. போருக்கு முன் பத்மே எத்தியோப்பியாவின் நிர்வாகத்தில் இருந்ததால் அது அந்த வலயத்துக்குள் வரவில்லை, எத்தியோப்பியாவிடமே இருந்தது. ஆக, தன் சொந்த மண்ணில் தன் படையை நிறுத்த முடியாத நாடு ஒன்று, தீர்ப்பில் வென்ற ஊர் எதிரியின் கையில் இருப்பதை அந்த வலயத்துக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தற்காலிகம் என்று பெயரிட்ட ஏற்பாடு ஓரிரு ஆண்டுகளில் முடிந்திருந்தால் இது ஒரு குறையாகவே தெரிந்திராது; இழுக்க இழுக்க, நிலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அதே ஏற்பாடு வசதியானது.

தீர்ப்பு வெளியான நாளில் பத்மே எந்தப் பக்கம் என்பது அதில் பளிச்சென்று தெரியவில்லை என்பதால், இரு தலைநகரங்களும் வெற்றியை அறிவித்தன. 1900, 1902, 1908 ஆகிய ஆண்டுகளின் காலனிய உடன்படிக்கைகளைக் கொண்டு வரையப்பட்ட கோட்டை நிலப்படத்தில் பொருத்திப் பார்த்தபோதுதான் ஊர் எரித்திரியாவுக்குப் போயிருப்பது தெளிவானது. 2003 செப்டம்பரில் எத்தியோப்பியப் பிரதமர் மெலஸ் செனாவி ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அன்னானுக்கு எழுதிய கடிதத்தில் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளைக் கடுமையாக நிராகரித்தார். 2004 நவம்பரில், கொள்கையளவில் ஏற்கிறோம், ஆனால் பேச வேண்டும் என்றார். இறுதித் தீர்ப்பில் பேச என்ன இருக்கிறது என்பது எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவின் நிலை.

எத்தியோப்பியாவின் மீது அழுத்தம் வராததைக் கண்ட எரித்திரியா, கைக்கு எட்டியதை நெரித்தது. 2005 அக்டோபரில் ஐ.நா. ஹெலிகாப்டர்கள் தன் வான்வெளியில் பறக்கத் தடை விதித்தது. டிசம்பரில் அமெரிக்க, கனடிய, ஐரோப்பிய, ரஷ்யப் பணியாளர்களை வெளியேறச் சொன்னது. 2007 இறுதியில் எரிபொருளை நிறுத்தியது. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள, கண்ணிவெடி புதைந்த எல்லையை வானிலிருந்து பார்க்க முடியாமல், வண்டிக்கு எண்ணெயும் இல்லாமல் ஒரு படை எதைக் கண்காணிக்கும்?

பதில் 2:

மேலே எழுதியவர் விவரங்களைச் சரியாகவே தந்திருக்கிறார். ஆனால் வாசிப்பவர் மனத்தில் எத்தியோப்பியா மட்டுமே தீர்ப்பை மதிக்காத நாடு என்ற எண்ணம் தங்கிவிடக் கூடும். அதே அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம், 1998 மே 12 அன்று பத்மேயைத் தாக்கியதன் மூலம் படைபலத்தைச் சட்டத்துக்கு மாறாகப் பயன்படுத்தியது எரித்திரியாதான் என்று 2005 டிசம்பரில் முடிவு செய்தது. முதலில் தாக்கியவர் அவர். ஊரும் அவருக்கே என்றால், பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்த எத்தியோப்பியக் குடும்பங்களுக்கு அதை எந்த அரசு எடுத்துச் சொல்லும்? சட்டப்படி இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது எனக்கும் தெரியும். சந்தையில் நிற்கும் மனிதருக்கு அவை ஒன்றே.

என் பார்வையில் பெரிய குறை ஒப்பந்தத்திலேயே இருந்தது. நியாயம் கருதி, வாழ்கிற மக்களைக் கருதிக் கோட்டைச் சற்றே நகர்த்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தது. கோடு ஒரு கிராமத்தின் நடுவே போனாலும், இரு அரசுகளும் சேர்ந்து கேட்காத வரை ஆணையம் அதைத் தொட முடியாது. 1998-இல் ஒருவர் மற்றவரின் மக்களை நாடு கடத்திய அரசுகள் எதைச் சேர்ந்து கேட்டிருக்கும்?

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் இன்னொரு ஐயம். இத்தகைய தீர்ப்பு வந்து, நிலம் உண்மையாகவே கைமாறிய இடம் எங்காவது உண்டா? அங்கே அமைதிகாப்புப் படை என்ன செய்தது?

பதில் 3:

உண்டு. லிபியாவும் சாடும் உரிமை கோரிய அவுசூ நிலப்பட்டையை 1994 பிப்ரவரி 3 அன்று பன்னாட்டு நீதிமன்றம் சாடுக்கு வழங்கியது. அதே ஆண்டு மே இறுதிக்குள் லிபியப் படை முழுவதும் வெளியேறிவிட்டது. அதைச் சரிபார்க்க ஐ.நா. அனுப்பிய இராணுவப் பார்வையாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பது பேர். அங்கே ஒன்பது பேர் போதுமாக இருந்ததற்கும் இங்கே 4,200 பேர் போதாமல் போனதற்கும் உள்ள வேறுபாட்டை வீரர்களின் எண்ணிக்கையில் தேட வேண்டியதில்லை. ஐ.நா.வின் தடைகளால் நெருக்கப்பட்டிருந்த லிபியாவுக்கு அந்த வேளையில் இன்னொரு பூசல் தேவைப்படவில்லை.

பக்காசி தீபகற்பம் இடைப்பட்ட வகை. 2002 அக்டோபரில் அது கேமரூனுக்குச் சொந்தம் என்று தீர்ப்பானதும் நைஜீரியா முரண்டு பிடிக்கத்தான் செய்தது. ஆனால் இரு நாடுகளும் ஐ.நா. தலைமையிலான கூட்டு ஆணையத்தில் விடாமல் சந்தித்தன. அங்கு வாழும் நைஜீரியர்களின் நிலை, வெளியேறும் கால அட்டவணை ஆகியவற்றை வகுத்து 2006 ஜூனில் கிரீன்ட்ரீயில் உடன்பாடு எழுதினார்கள். 2008 ஆகஸ்டில் ஒப்படைப்பு நிறைவுற்றது. பதில் 2 சொன்ன குறையை அவர்கள் தீர்ப்புக்குப் பிறகு அடைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

எனக்கு மிகப் பிடித்தது ஈக்குவடார்–பெரு உதாரணம், அது நீதிமன்றத் தீர்ப்பு இல்லையென்றாலும். 1995-இல் செனெப்பா பள்ளத்தாக்கில் மோதிக்கொண்ட பின், அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கு உத்தரவாத நாடுகளின் பார்வையாளர்கள் அங்கே நின்றார்கள். 1998 அக்டோபர் ஒப்பந்தத்தில், சண்டை நடந்த திவின்சா என்ற இடம் பெருவின் இறையாண்மைக்குள் வந்தது. ஆனால் அங்கே ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் தனிச்சொத்தாக ஈக்குவடாருக்குத் தரப்பட்டது. தன் வீரர்கள் போரிட்டு மடிந்த இடத்தில் அந்நாடு தன் கொடியை ஏற்றலாம். பத்மேக்கு இப்படி ஒரு வழியை எண்ணிப் பார்க்க யாருக்கும் இடம் தரவில்லை.

பதில் 1 எழுதியவர்:

இழப்பீட்டு ஆணையத்தின் முடிவை நான் குறிப்பிடாதது பிழைதான், ஏற்கிறேன். கால வரிசைக்காக ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எல்லை ஆணையம் 2007 நவம்பர் இறுதியில், ஆயத்தொலைவு எண்களால் காகிதத்திலேயே எல்லையைக் குறித்துவிட்டுத் தன் வேலையை முடித்துக்கொண்டது. எரித்திரியா அதையே இறுதியாகக் கொண்டது, எத்தியோப்பியா ஏற்கவில்லை. 2018 ஜூனில் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதின் அரசு தீர்ப்பை முழுமையாக ஏற்பதாக அறிவித்தது. ஜூலையில் அஸ்மாராவில் கூட்டறிக்கை, செப்டம்பரில் எல்லை ஊரான சலம்பெசாவில் சாவடி திறப்பு என்று எல்லாம் வேகமாக நடந்தன. சில மாதங்களில் சாவடிகள் மீண்டும் மூடப்பட்டன. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் வடக்கு மாநிலமான திக்ராயில் போர் தொடங்கியபோது எரித்திரியப் படை எத்தியோப்பியாவின் இசைவோடு உள்ளே வந்து பத்மேயைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காகித எண்களை மண்ணில் குறிக்க அளவையாளர் யாரும் இன்னும் அனுப்பப்படவில்லை.