புதுப்பிப்பு: பல வளாகங்கள் உள்ள மருத்துவக் கல்லூரி, கடைசியில் என்ன ஆனது

மருத்துவமனைப் பயிற்சிக்கு மாணவர்களைப் பல வளாகங்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது, "யாருக்கு எந்த வளாகம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள்" என்ற யோசனைதான். கேட்டேன். விருப்ப வரிசை வாங்குவார்களாம். போட்டி அதிகமானால் குலுக்கல். கல்லூரிக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

அப்புறம், மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கும் மாணவர் ஒருவரிடம் பேசினேன். சிறிய வளாகத்தில் ஒரே நோயாளியைப் பத்துப் பேர் மொய்ப்பதில்லை, மூத்த மருத்துவரோடு நேரடியாக வேலை பார்க்கலாம் என்றார். நரம்பு அறுவை சிகிச்சை போன்ற சிறப்புத் துறைகளுக்கு மட்டும் பெரிய வளாகத்துக்குப் போக வேண்டும். சரி என்று சிறியதையே முதல் விருப்பமாக எழுதினேன், கிடைத்தது.

எதிர்பாராதது: சிறப்புத் துறைகளுக்காகப் பெரிய வளாகத்தில் இருக்கும் சில வாரங்களுக்குத் தங்குமிடச் செலவு நம் தலையில். இதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.