பதில்: டீசல் இன்ஜினில் ‘ஏர் எடுப்பது’ – கலைச்சொல்

வணக்கம் நண்பர்களே,

படகு இன்ஜின் கையேட்டில் ‘பிளீடிங்’ (bleeding), அதாவது டீசல் போகிற வழியில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடுவது, இதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்பது கேள்வி. இதுவரை வந்தவை குருதிக்கசிவு (இது மொழிபெயர்ப்பு மென்பொருள் துப்பியது, சிரித்துவிட்டு நகர்வோம்), வடிப்பு, காற்று வெளியேற்றம், வளியகற்றல். என் ஓட்டு காற்றெடுப்புக்கு. பட்டறையில் ‘ஏர் எடுக்கணும்’ என்றுதான் சொல்கிறார்கள், அதில் ஏரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் இது ஒரு சொல்லோடு முடியாது என்று நினைக்கிறேன். கையேட்டில் ‘இன்ஜின் பிடிக்கவில்லை’ என்ற பகுதியை எழுத உட்கார்ந்தால் தெரியும். டேங்கில் டீசல் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அலையில் படகு சாய்கிற நேரம் பார்த்துக் குழாயின் வாய் டீசலுக்கு மேலே வந்து காற்றை இழுத்துவிடும், இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோகும். கேனிலிருந்து டீசலை ஊற்றிச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது புகைக்குழாயை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. செல்ஃப் சுற்றியும் புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. அப்போதும் உடனே ஸ்பேனரைத் தூக்கக் கூடாது, இன்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் கம்பி இழுத்தபடியே இருக்கிறதா, டேங்க் வால்வு மூடிக் கிடக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் காற்றுக்கு வர வேண்டும்.

பழைய மாதிரிப் பம்பு உள்ள இன்ஜினில் நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற முனை) திறக்கவே 100 பாருக்கு மேல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்குக்கு மேல், அழுத்தம் வேண்டும். டீசலை அமுக்கினால் அது சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால் பம்பு கொடுக்கிற தள்ளு அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேருகிறது. நடுவில் ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் பம்பின் அந்தச் சின்னத் தள்ளு முழுவதும் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், அடுத்த நொடி குமிழ் பழையபடி விரியும். எத்தனை நேரம் செல்ஃப் அடித்தாலும் பேட்டரி இறங்குமே தவிர நாசில் திறக்காது.

இந்தக் கதையில் மூன்று கட்டம் இருக்கிறது, மூன்றுக்கும் பட்டறையில் மூன்று வினைகள் இருக்கின்றன. குழாய் மூட்டு தளர்ந்தோ டேங்க் வற்றியோ உள்ளே போவது ‘ஏர் இழுக்குது’. போய் மாட்டிக்கொண்டது ‘ஏர் பிடிச்சிருக்கு’. வெளியே விடுவது ‘ஏர் எடுக்கிறது’. ஆக காற்றிழுப்பு, காற்றுப்பிடிப்பு, காற்றெடுப்பு. நடுவில் உள்ளதற்குக் காற்றடைப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு அது ஒத்துவரவில்லை, காற்றை அடைப்பது என்றால் பந்துக்கும் டயருக்கும் காற்று ஏற்றுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். காற்றுத்தடை என்றால் ஓடுகிற வண்டியை எதிர்க்காற்று தடுக்கிற பொருள் வந்துவிடுகிறது. காற்றுப்பிடிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. வாயுப்பிடிப்பு தெரியாத வீடு எது?

காற்றெடுப்புக்கு எதிராக வந்த வாதம் நியாயமானதுதான்: எடுப்பு என்றால் உள்ளே எடுப்பதாகவும் ஆகுமே, இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றை எடுத்துக்கொள்வதோடு குழம்பாதா என்று. கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். பிடித்ததையும் சிக்கியதையும் நீக்குவதற்கு நாம் எடுப்பதைத்தான் சொல்கிறோம், சுளுக்கு எடுப்பது, முள் எடுப்பது, குழந்தைக்குத் தொக்கம் எடுப்பது. பக்கத்திலேயே காற்றுப்பிடிப்பு என்ற சொல் நிற்கும்போது காற்றெடுப்பை யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். சிலிண்டருக்குக் காற்று போகிற வழியைக் காற்றுவாய் என்று வைத்துவிட்டால் உரசலும் போய்விடும்.

வடிப்பை மட்டும் தயவுசெய்து இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். பல ஃபில்டர்களில் மேல் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அடிக்கிண்ணத்தில் இன்னொன்று. காற்று மேலே ஏறும், அதனால் மேல் திருகு காற்றுக்கு. டீசலில் கலந்த தண்ணீர் கனத்து அடியில் தங்கும், அதனால் கீழ்த் திருகு தண்ணீருக்கு. இரண்டையும் வடிப்பு என்று எழுதினால் நடுராத்திரியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையேட்டைப் புரட்டுகிறவர் எந்தத் திருகைத் திறப்பார்? கீழே இருப்பதைத் திறந்து இருக்கிற டீசலையும் ஒழுகவிட்டால் காற்று இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். மேலே உள்ளது காற்றுத்திருகு, கீழே உள்ளது வடிதிருகு. சொல்லழகு எனக்கு இரண்டாம் பட்சம்.

காற்று வெளியேற்றம் தப்பில்லை, ஆனால் புகை வெளியேற்றம் அதே பக்கத்தில் நாலு இடத்தில் வருகிறது. வளியகற்றல் நல்ல சொல். இலங்கைப் பாடநூல்களில் காற்றுக்கு வளி என்றே படித்து வந்தவர்களுக்கு அது இயல்பாக இருக்கும், அகராதியில் காற்றெடுப்பு, வளியகற்றல் இரண்டையும் இணையாகப் போடலாம். படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரை அவர்கள் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்கிறார்கள், நம் தமிழ்நாட்டு அரசாணைத் தமிழ் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்கிறதே, அதையும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அந்த இயந்திரத்தின் பெட்ரோல் குழாயில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்குவதையும் சிலர் காற்றெடுப்பில் சேர்த்துவிட்டார்கள். அது வேறு வேலை. டேங்க் மூடியின் காற்றுத்துளையைத் திறந்துவிட்டு, பல்பில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கிறதா என்று கவனித்து, பல்பு கெட்டியாகும் வரை அமுக்கினால் கார்புரேட்டர் வரைக்கும் பெட்ரோல் நிரம்பும். எந்தத் திருகையும் திறப்பதில்லை. இதற்கு ஊட்டல் என்று தனியாக வைத்துக்கொள்வோம். டீசல் இன்ஜினில் கைப்பம்பை அடிப்பதும் ஊட்டல்தான், அதைச் செய்துகொண்டேதான் காற்றெடுக்கிறோம்.

கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

“ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத்திருகை ஒரு சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடிக்கவும். முதலில் நுரை சீறும், பிறகு குமிழ்குமிழாக வரும், கடைசியில் குமிழ் இல்லாத டீசல் வழியும். பம்பை நிறுத்தாமலே திருகை இறுக்கவும். நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்பில் உள்ள காற்றுத்திருகிலும் இதையே செய்யவும். இன்னும் காற்றுப்பிடிப்பு விடவில்லை என்றால், நாசில் முனையில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃபை இடைவெளி கொடுத்து, ஒவ்வொரு தரமும் சில நொடிகள் மட்டும் அடிக்கவும். டீசல் தெறித்ததும் நிறுத்தி இறுக்கவும். தெறிக்கிற இடத்தில் கை வைக்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுபடி மறுபடி காற்றுப்பிடிப்பு வந்தால் டேங்கிலிருந்து பம்பு வரை காற்றிழுப்பு எங்கே என்று தேடவும்.”

படித்துவிட்டு எந்த வரியில் நாக்கு இடறுகிறது என்று சொல்லுங்கள். நட்டு, பைப், நாசில் மூன்றையும் வேண்டுமென்றேதான் அப்படியே விட்டிருக்கிறேன், கடையில் போய்க் கேட்கும்போது அந்தப் பெயரில்தான் கிடைக்கும். பம்பு என்று வருவது இரண்டு பம்புகள், டேங்கிலிருந்து இழுப்பது ஒன்று, நாசிலுக்கு அழுத்தித் தள்ளுவது இன்னொன்று. பெரிய பம்பு, சின்னப் பம்பு என்று எழுத மனசு வரவில்லை. இழுபம்பு, தள்ளுபம்பு சரிவருமா?